வட்டில் போகாத வீட்டுக்குப் போகும் புகை

பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி நம் வீட்டுப் பொருள் ஒன்று போய்விட்டால் அதற்கு நாம் பொறுப்பாளிகள்தாமா? முருங்கைக் கிளையானால் வெட்டிவிடலாம். கோழியானால் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். புகையை என்ன செய்வது? வீட்டின் பின்புறத்தில், கையில் இடுக்கியோடு, கண்ணில் நீர் வழிய, ஓர் இரும்புப் பீப்பாயின் முன் நின்றபோது இந்தக் கேள்வி நமக்கு எழுந்தது. அதைப் பற்றி நாம் யோசித்ததை அன்பர்கள் முன் வைக்கிறோம். சிலர் ஒப்புவார்கள், சிலர் ஒப்பமாட்டார்கள். நம் மச்சான் ஒப்பவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

விஷயம் இதுதான். நம் வீட்டு இளைஞர்களுக்கு மாட்டு விலாவைப் புகையில் வேகவைக்கும் ஆசை பிடித்தது. இறைச்சியைப் புகையில் போடுவது இந்நாட்டுக்குப் புதிதன்று. நெகிரி செம்பிலான்காரர்களின் 'டாகிங் சாலாய்' யாருக்குத்தான் தெரியாது? கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கப்பலேறி வந்த நம் பெரியவர்கள், பெருநாள் கழிந்ததும் இறைச்சிக்கு உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் கோத்து உப்புக்கண்டம் போட்டவர்கள். ஆனால் பிள்ளைகள் பிடித்துக்கொண்டது அமெரிக்க முறை. டெக்சாஸ் மாநிலத்தில் ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் குடியேறியவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் இறைச்சிக் கடைகள் வைத்தார்கள். விற்காமல் மிஞ்சிய துண்டங்களைக் கடைக்குப் பின்னால் செங்கல் அடுப்பில் புகையிட்டு விற்றார்கள். டெய்லர் என்னும் சிற்றூரில் 1949 முதல் நடந்துவரும் லூயி முல்லர் கடை, மாட்டு விலாவுக்கென்றே பேர்போனது. உப்பும் மிளகும்தாம் மசாலா. நம் வீட்டுப் பெண்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். இஞ்சி பூண்டு படாத இறைச்சியும் ஓர் இறைச்சியா என்பது அவர்கள் வாதம்.

செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நாம் பேசவிருக்கும் நியாயம் அதற்குள்தான் இருக்கிறது. குர்பானி மாட்டின் விலாவைக் கசாப்புக்காரர் வழக்கப்படி சூப்புக்கென்று சிறுசிறு துண்டாகப் போட்டுவிடுவார். அப்படி வெட்டாமல் மூன்று நான்கு எலும்பு சேர்ந்த பாளமாகக் கேட்டு வாங்க வேண்டும். மூடியிட்ட பீப்பாயின் சூடு 110 முதல் 120 பாகை செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். இறைச்சியின் உள்சூடு 70 பாகைக்கு அருகில் வந்ததும் இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் நின்றுவிடும். வியர்வை நம் உடம்பைக் குளிரச் செய்வதுபோல, மேலே கசியும் நீர் ஆவியாகி இறைச்சியைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கிறது. பொறுமையில்லாதவர்கள் இங்கேதான் விறகை அள்ளிப் போட்டுக் கெடுப்பார்கள். பொறுத்திருந்தால் சூடு மறுபடி ஏறி 95 பாகையைத் தொடும். அதற்குள் எலும்பை ஒட்டியிருக்கும் கெட்டியான சவ்வெல்லாம் கரைந்து பசையாகிவிடும். ஆறு மணி நேரத்திற்குக் குறையாது, எட்டு மணியும் ஆகும். அத்தனை நேரமும் புகை.

டெக்சாஸ் கடைக்காரருக்குக் கடைக்குப் பின்னால் காலி நிலம் இருந்தது. நமக்கு இருப்பது வரிசை வீடு. பண்டார் தெங்காரா, 1972-இல் அமைந்த தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியமாகிய கெஜோரா, செம்பனைக் காட்டினிடையே கட்டியெழுப்பிய ஊர். ஊரைச் சுற்றி எவ்வளவு வெளியிருந்தாலும், வரிசை வீட்டில் குடியிருப்பவனுக்கு அண்டை வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் இடையே உள்ளது ஒற்றைச் சுவர்தான். நமக்கு இடப்பக்கம் ஓர் இந்துத் தமிழ் அம்மையார். தோட்டத்தில் பால் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர், கணவரை இழந்தவர், நமக்கு மூத்தவர். அக்கா என்றுதான் அழைப்போம். வலப்பக்கம் ஒரு சீனப் பெரியவர். குவான் யின் தெய்வத்தை வணங்குபவர், ஆகையால் அவரும் மாட்டிறைச்சி தொடாதவர். பின் சந்தின் எதிர்ப்பக்கம் ஒரு மலாய்க் குடும்பம். அவர்கள் மட்டும் வாசனை வந்ததுமே தட்டோடு வந்து விசாரித்தார்கள்.

2022-ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளன்று பின்னேரம் முதல் முறையாகப் பீப்பாயை மூட்டினோம். 2023-லும் அவ்வாறே செய்தோம். இரண்டாம் ஆண்டில் நம் கண்ணில் ஒன்று பட்டது. புகை எழுந்த சிறிது நேரத்தில் அக்கா வீட்டுப் பின்கட்டுச் சன்னல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. காயப்போட்ட துணிகள் ஈரத்தோடு உள்ளே போயின. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் வாசலில் கண்டபோது, "பெருநாள் நல்லா நடந்துச்சா, தம்பி?" என்று எப்போதும்போலவே விசாரித்தார். நமக்குத்தான் பதில் சொல்ல நாக்கு எழவில்லை.

அன்றிரவு வீட்டில் பேச்சு எழுந்தது. மச்சான் சொன்னது சுருக்கமானது: "ஹலாலான பொருள். நம் வீடு. நம் பெருநாள். இதில் கேள்வி ஏது?" சட்டமும் அவர் பக்கம்தான். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி திறந்த வெளியில் எரிப்பது குற்றமாயினும், உணவு சுடுவதற்கு விலக்கு உண்டு.

ஹலால் என்ற சொல்லை நாம் அடிக்கடி ஒரு முத்திரையைப்போல உபயோகிக்கிறோம். முத்திரை குத்தியாயிற்று, பேச்சு முடிந்தது என்று எண்ணுகிறோம். பூண்டின் வரலாற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். கைபர் போர்க்காலத்தில் பசியோடிருந்த தோழர்கள் பச்சைப் பூண்டை நிறையத் தின்றுவிட்டுப் பள்ளிக்கு வந்தார்கள். அந்த வாடையோடு பள்ளியை நெருங்க வேண்டாமென்று அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்ல, பூண்டு ஹராமாகிவிட்டது என்று ஒரு பேச்சு பரவிற்று. அதைக் கேட்ட அண்ணலார், அல்லாஹ் ஆகுமாக்கியதை விலக்கும் அதிகாரம் தமக்கில்லை என்றும், அந்தச் செடியின் வாடையைத்தான் தாம் விரும்பவில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள். தின்பதில் குற்றமில்லை. தின்ற வாடை பிறர் மூக்கில் ஏறுவது வேறு கணக்கு. பொருள் ஆகுமானதா என்பது ஒரு கேள்வி, அது பக்கத்திலிருப்பவரை என்ன செய்கிறது என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்குப் பதில் கிடைத்துவிட்டதால் இரண்டாவது தீர்ந்துவிடாது.

மச்சான் இதற்கு அசையவில்லை. அவர் எடுத்து வைத்த அடுத்த வாதம் இலேசானதன்று. "இன்று புகைக்கு வளைந்து கொடுத்தால் நாளை நம் சமையலுக்கே வளைந்து கொடுக்க வேண்டிவரும். சிங்கப்பூரில் நடந்ததை மறந்துவிட்டீர்களா?" என்றார்.

மறக்கவில்லை. சீனாவிலிருந்து சிங்கப்பூர் வந்து குடியேறிய ஒரு குடும்பம், அடுத்த வீட்டு இந்தியக் குடும்பம் வைக்கும் கறியின் வாசனையைத் தாங்க முடியவில்லை என்று முறையிட்டது. வழக்கு சமூக மத்தியஸ்த நிலையத்திற்குப் போயிற்று. முறையிட்டவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி வைப்பதென்று உடன்பாடு ஆனது. 2011 ஆகஸ்டில் இச்செய்தி பத்திரிகையில் வந்தபோது சிங்கப்பூரே கொதித்தது. அம்மாதம் 21-ஆம் நாளை ஊரெல்லாம் கறி சமைக்கும் நாளாக்கினார்கள். சீனரும் மலாய்க்காரரும்கூடக் கறி வைத்தார்கள். அன்று நாமும் கொதித்தவர்கள்தாம். எவன் நம் அடுப்பில் கை வைப்பது என்று இங்கே ஜொகூரிலிருந்தபடியே பேசினோம்.

ஆகவே நாம் இரட்டை நாக்குடையவர்களா? கறி வாசனைக்கு ஒரு நியாயம், விலாப் புகைக்கு வேறொரு நியாயமா? இதை நெடுநேரம் யோசித்தோம். இரண்டுக்கும் வேற்றுமை உண்டென்றே நமக்குப் படுகிறது. கறி அன்றாடச் சோறு. அதை நிறுத்தச் சொல்வது அந்த வீட்டாரை அவர்களாக இருக்காதே என்று சொல்வதற்குச் சமம். விலாவைப் புகையில் போடுவதோ ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை நாம் தேடிக்கொள்ளும் ருசி. அது இல்லாவிட்டால் நம் மார்க்கத்திலோ மரபிலோ ஒரு மயிரிழையும் குறையாது. தேவைக்குக் கிடைக்கும் சலுகையை ஆசையும் கேட்டு வாங்கிக்கொள்வது முறையன்று. இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூரில் முறையிட்டவர்கள் வாய் திறந்து முறையிட்டார்கள். அக்கா முறையிடவில்லை, சன்னலை மூடிக்கொண்டார். கூவுகிறவனுக்கு வழிவிட மறுப்பதில் ஒரு வீரம் இருக்கலாம். வாய் பேசாமல் ஒதுங்குகிறவரை இன்னும் ஒதுக்குவதில் என்ன வீரம்?

நீதிமன்றங்கள் இதில் அதிகம் உதவமாட்டா. 2019-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இறைச்சி உண்ணாத ஒரு பெண்மணி, அண்டை வீட்டார் இறைச்சியும் மீனும் சுடும் வாசனையை எதிர்த்து உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றார். சட்டம் பெருந்தீங்கையே அளக்கும். இது சட்டத்தின் குறையன்று, அதன் வேலை அவ்வளவுதான்.

இங்கே ஜொகூர்க்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. உதுமானியத் துருக்கியர் 1869 முதல் 1876 வரை ஹனபி மத்ஹபின்படி தொகுத்த 'மஜல்லா' என்னும் சட்டநூலை, ஜொகூர் அரசு மலாயில் பெயர்த்து 1913-இல் 'மஜல்லா அஹ்காம் ஜொகூர்' என்று வெளியிட்டது. அண்டை வீட்டாருக்குச் செய்யும் பெருந்தீங்கை எவ்விதமாயினும் நீக்க வேண்டுமென்று கூறும் அந்நூல், எடுத்துக்காட்டாக எதைச் சொல்கிறது தெரியுமா? கொல்லன் உலையின் சம்மட்டி அடியையும், அப்பம் சுடும் அடுப்பின் புகையையும், எண்ணெய் ஆட்டும் இடத்தின் நாற்றத்தையும்! வீட்டில் குடியிருக்க முடியாதபடி புகையும் நாற்றமும் வந்தால் அது நீக்கப்பட வேண்டிய தீங்கு. அதே நூல், பக்கத்து வீட்டுக்காரர் கட்டும் சுவர் காற்றையும் காட்சியையும் மறைப்பது பெருந்தீங்காகாது என்று விட்டுவிடுகிறது. நம் பீப்பாய்ப் புகை இவ்விரண்டுக்கும் நடுவே விழுகிறது. ஆண்டுக்கொரு நாள் வரும் புகையால் எவரும் வீட்டைக் காலி செய்யப் போவதில்லை. ஆனால் புகை என்பது அற்ப விஷயமென்று ஜொகூரில் எவரும் சொல்லத் துணியமாட்டார். 2013 ஜூனில் மூவாரில் காற்று மாசுக் குறியீடு 700-ஐத் தாண்டி அவசர நிலை அறிவிக்கப்பட்டதே, அப்போது எவனோ எங்கோ எரித்த காட்டின் புகையை நாம் எல்லோரும் சுவாசித்தோம். எரித்தவனுக்கும் அது தன் நிலம்தான்.

மார்க்கம் அண்டை வீட்டாரைப் பற்றிச் சொல்வதை நாம் பயான்களில் கேட்டுக்கேட்டுப் பழகிவிட்டோம். ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும்படி அண்ணலார் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்னார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுத்திருந்த நாளில் உள்ளே நுழைந்ததும், யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றே முதலில் விசாரித்தார்கள். வாசனை போகிற இடத்துக்கு வட்டிலும் போக வேண்டும் என்பதே இவற்றின் கருத்தாக நாம் கொள்கிறோம். வாசனையால் எழுந்த ஆசைக்கு வட்டில் பரிகாரமாகிவிடுகிறது. மலாய்க் குடும்பத்துக்கு நாம் இரண்டு எலும்பு கொடுத்ததும் கணக்கு நேராகிவிட்டது.

அக்கா வீட்டுக்கு என்ன செய்வது? நம் சிக்கலே இங்கேதான். ஆட்டிறைச்சியானால் அனுப்பிவிடலாம். மாட்டிறைச்சியை அனுப்புவது புகையை அனுப்புவதினும் பெரிய குற்றம். சீனப் பெரியவர் வீட்டுக்கும் அப்படியே. வட்டில் போக முடியாத வீட்டுக்குப் புகை மட்டும் போகிறது. பரிகாரத்தின் வாசல் அடைபட்ட இடத்தில் கடமையும் முடிந்துவிட்டது என்று சிலர் எண்ணலாம். நமக்கோ அது அதிகமாகிவிட்டதாகப் பட்டது. பகிர்ந்துகொள்ள முடியாததை அவர்கள் மேல் வீசாமலிருப்பதுதானே மிச்சம்?

அப்படியானால் போய் அனுமதி கேட்டுவிடலாம் என்று மகன் சொன்னான். நல்ல யோசனைபோலத் தோன்றும். ஆனால் அக்காவிடம் போய், "புகை போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? "அதுக்கென்ன தம்பி, தாராளமா போடுங்க" என்பார். முகத்துக்கு நேரே கேட்டபின் மறுக்கத் தெரியாத தலைமுறை அது. நமக்கு அனுமதி கிடைத்துவிடும், அவருக்குச் சுமை இரட்டிக்கும். முன்பு புகையைத் தாங்கினார், இனித் தாமே ஒப்புக்கொடுத்த புகையைத் தாங்க வேண்டும். கேட்பது எப்போதும் மரியாதையாகிவிடாது. மறுக்க முடியாதவரிடம் கேட்பது சில வேளைகளில் ஒரு நெருக்குதல்.

பல நாள் தயங்கி, வேறு விதமாகக் கேட்டோம். "அக்கா, உங்களுக்கு விசேஷமான நாள் எதுன்னு சொன்னா, அன்னைக்கு நாங்க பின்னால அடுப்பு மூட்டாம இருக்கோம்." அவர் சற்று நேரம் நம்மைப் பார்த்தார். பிறகு, "ஏகாதசி தம்பி. அவர் போனதிலிருந்து பெருமாளுக்கு ஏகாதசி விரதம் இருக்கேன். அன்னைக்கு மட்டும்தான். மத்த நாள்ல என்ன வேணா பண்ணுங்க, எனக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து நாட்காட்டியை எடுத்துப் பார்த்தபோது நமக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஹஜ்ஜுப் பெருநாள் பிறை பத்து. அமாவாசை கழிந்து ஓரிரு நாளில் பிறை தென்படுவதால், நம் பத்தாம் நாள் ஏறக்குறைய அவர்களுடைய வளர்பிறைப் பதினொன்றாம் திதி. 2022-இல் பெருநாள் ஜூலை 10, அன்றே ஏகாதசி. 2023-இல் பெருநாள் ஜூன் 29, அன்றும் ஏகாதசி. இரண்டு ஆண்டுகளிலும் அந்த அம்மையார் வெறும் வயிற்றோடு, மூடிய சன்னலுக்குள், மாட்டிறைச்சிப் புகையினிடையே விளக்கேற்றி உட்கார்ந்திருக்கிறார். இரு வீட்டாரும் ஒரே நிலவைப் பார்த்து நாள் குறிக்கிறோம். இத்தனை ஆண்டுகள் ஒற்றைச் சுவருக்கு இருபுறமும் வாழ்ந்தும் இது நமக்குத் தெரியவில்லை. மாட்டின் வாசனையே அவருக்கு ஆகாது என்று நாமாக எண்ணிக்கொண்டிருந்தோம். அவர் கேட்டதோ ஒரே ஒரு நாள்.

தள்ளிவைப்பதில் மார்க்கத் தடை ஏதுமில்லை. குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாமென்று பஞ்சத்தில் வந்தவர்களுக்காக ஓராண்டு சொன்ன அண்ணலார், பின்னர் சேமித்துவைக்க அனுமதி தந்தார்கள். உப்புக்கண்டமே அந்த அனுமதியில் பிறந்த பண்டம்தானே! 2024-இல் விலாவை உறையவைத்து, பெருநாளுக்குப் பத்து நாள் கழித்து மூட்டினோம். ருசியில் ஒரு குறையும் இல்லை.

புகையைக் குறைக்கும் வழியும் தெரிந்தது. ஈர விறகு போட்டால் கனத்த வெண்புகை கிளம்பும். அது இறைச்சியையும் கசக்கச் செய்யும், ஊரையும் இருமவைக்கும். நன்றாகக் காய்ந்த ரம்புத்தான் விறகோ ரப்பர் விறகோ போட்டு, காற்றுத் துளையைத் திறந்துவைத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய புகைதான் எழும். இறைச்சி ஈரமாகவும் குளிர்ந்தும் இருக்கும் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் புகையைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறது. பிறகு அதற்கு வேண்டியது வெறும் சூடு. அலுமினியத் தாளில் சுற்றி வீட்டுக்குள் ஓவனில் வைத்து முடித்துவிடலாம். முதல் இரண்டு ஆண்டுகளில் எட்டு மணி நேரம் நாம் போட்ட புகையில் பாதிக்கு மேல் இறைச்சிக்கே தேவைப்படாத புகை.

சீனப் பெரியவரிடம் இன்னும் கேட்கவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, நமக்குச் சீனம் தெரியாது, இருவருடைய மலாயும் அன்றாடப் பேச்சுக்கு மட்டும் போதுமானது. ஏழாம் மாதத்தில் அவர் வாசலில் தாள் எரிக்கும் சாம்பல் நம் வாசலிலும் வந்து விழும். பெருக்கிவிட்டுப் போகிறோம். அதைச் சொல்லிக் காட்டிப் பேரம் பேசுவதாகிவிடாமல் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

மச்சான் இன்னும் தம் கட்சியை விடவில்லை. நாம் செய்ததெல்லாம் நம் விருப்பத்தால் செய்தது, கடமை என்று எழுதிவைத்தால் நாளை பிறர் அதைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள் என்கிறார். அந்தப் பயத்தை நாம் முற்றும் தள்ளிவிடுவதற்கில்லை. வரும் பெருநாளின் விலாவுக்கு விறகு அவர் பொறுப்பு. இப்போதே வெட்டிக் காயவைத்திருக்கிறார். எந்த நாளில் மூட்டுவது என்று அவரே நம் வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்.